மஞ்சள் விளக்கும் பழஞ்சேலையும்

பாகலூர் ரோட்டில் தீ அலாரம் பழுது பார்க்கும் அந்தக் கடையில் இரண்டே நாற்காலிகள். ஒன்று மாதேஸ்வரிக்கு, மற்றது வாடிக்கையாளருக்கு. சம்பங்கி ஏணியில்தான் உட்கார வேண்டும். கடையின் கூட்டாளி, வேன் டிரைவர், ஏணி தூக்குபவன், மாதேஸ்வரியின் கணவன் என்று நான்கு பதவிகள் அவனுக்கு இருந்தன. ஐந்தாவதாகத் துப்பறிவாளன் என்ற பதவியைத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டிருந்தான். வேறு யாரும் அதை இதுவரை உறுதி செய்யவில்லை.

அன்று காலை ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து உள்ளே வந்த பெண்ணைப் பார்த்ததுமே, "ஏதோ பெரிய கேஸு" என்று அவன் ஏணியிலிருந்து நிமிர்ந்தான். ஏணி சரிந்தது. தானும் கூடவே சரிந்ததை அவன் கௌரவமாக மறைத்துக்கொண்டான்.

"நான் பிரியதர்ஷினி மேடம். கெலவரப்பள்ளி ரோட்டுல ஒரு கார்மென்ட்ஸ்ல ஹெச்.ஆர். எங்க ஃபயர் பேனல் எங்களைப் பாடாப் படுத்துது."

"உக்காருங்க. என்னா பண்ணுது?" என்றாள் மாதேஸ்வரி. கூரையே எரிந்தாலும் அவள் இதே குரலில்தான் கேட்பாள்.

"எர்த் ஃபால்ட்னு மஞ்சள் லைட் எரியுது, பஸ்ஸர் கத்துது, அப்புறம் தானா நின்னுடுது. சில நாள் மெயின் கரன்ட் போயி பேட்டரில ஓடுது. முந்தாநாள் பேட்டரியும் எறங்கி, பேனலே செத்துக் கெடந்துச்சு. மேனேஜர் அதைக் கண்ணால பாத்துட்டாரு."

"எலி," என்றான் சம்பங்கி. "ஓசூர்ல பாதி எர்த் ஃபால்ட்டு எலி. மீதி மழை."

"மழை பெஞ்சு மாசமாச்சு சார். எலிக்கு மருந்து வெச்சோம், பூனைதான் செத்துச்சு."

சம்பங்கி பூனைக்காக ஒரு கணம் மௌனம் காத்தான்.

"நாளைக்கு எங்ககிட்ட துணி வாங்கற வெளிநாட்டு பையர்ங்க இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றாங்க," என்று தொடர்ந்தாள் பிரியதர்ஷினி. "எங்க எலக்ட்ரீசியன் மணிவேல் அண்ணன்தான் வேணும்னே கிளப்பி விடறார்னு மேனேஜர் முடிவே பண்ணிட்டாரு. ஏன்னா, போன வாரம் அவர் லீவுல இருந்த நாள் பூராவும் பேனல் சாது மாதிரி இருந்துச்சு. வேலைக்கு வந்தாரு, மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. இன்னிக்கு சாயங்காலம் அவரை நிறுத்தறாங்க. ஆர்டரை நான்தான் டைப் பண்ணி வெச்சிருக்கேன். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "என் கல்யாணத்துக்கு சீரியல் லைட்டு கட்டினவரு மேடம் அவரு. காசே வாங்கல."

மாதேஸ்வரி மீட்டர் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "மாமா, ஏணி."

வெளிநாட்டுக் குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் சிறிய தொழிற்சாலை அது. நாற்பது பேர் இருந்தால் அதிகம். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் சிவப்புப் பெட்டியாகத் தொங்கியது பேனல். பச்சை விளக்கு மட்டும் எரிய, பால் குடித்த பூனை போல் சும்மா இருந்தது.

"ஆள் வந்தா அடங்கிடும்மா," என்றார் மணிவேல். சட்டைப்பையில் டெஸ்டர் செருகிய, ஐம்பதைத் தாண்டிய மனிதர். முந்தைய இரவு அவர் தூங்கவில்லை என்பது சம்பங்கிக்கே தெரிந்தது.

"எரியறப்போ எப்படி எரியும்ணா?"

"நிலையா எரியாது. பத்தும், அணையும், பத்தும், அணையும். மூச்சு விடற மாதிரி. நான் ஒரு கம்பியைக் கழட்டறதுக்குள்ள தானாவே நின்னுடும். கழட்டினதால நின்னுச்சா, அதுவா நின்னுச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"எந்த நேரத்துல?"

"காலைல டீக்கு அப்புறம். மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம். ஞாயித்துக்கிழமை வரவே வராது."

"நல்ல பேனல். வாரம் ஒரு நாள் லீவு எடுக்குது," என்றான் சம்பங்கி. ஒருவரும் சிரிக்கவில்லை.

"விளக்கு எரியறப்போ எங்கெங்க போய்ப் பாத்தீங்க?"

"கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங், கேன்டீன். ஒரு இடம் விடல."

"பட்டன், ஜிப்பு வெக்கற ஸ்டோர்?"

மணிவேல் தன் செருப்பைப் பார்த்தார். "அது சும்மா கெடக்கறப்போ பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"விளக்கு எரியறப்போ?"

"அப்போ பூட்டி இருக்கும்மா."

அதற்குள் மேனேஜர் ராமப்பன் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. ஊருக்கெல்லாம் கோபப்பட ஒருவரே போதும் என்ற முகம்.

"ஏம்மா, இதுல கண்டுபிடிக்க என்னா இருக்குது? முந்தாநாள் நானே பாத்தேன். பேனலுக்குப் போற சுவிட்சு கீழ விழுந்து கெடந்துச்சு. அதுக்கென்ன தூக்கம் வருதா, தானா படுத்துக்க? கை வெச்சாத்தானே விழும்!"

"லோடு ஏறினாலும் விழுங்க சார். அதுக்குத்தான் அதை வெச்சிருக்கறதே," என்றாள் மாதேஸ்வரி.

"பேனலுக்கு மட்டும் போற லைன்ல ஏதும்மா லோடு?"

"அதைத்தான் தேடறேன். சாயங்காலம் வரைக்கும் நேரம் குடுங்க."

ராமப்பன் மணிவேலைப் பார்க்காமலேயே தலையாட்டிவிட்டுப் போனார்.

சம்பங்கி தனியாக விசாரணையில் இறங்கினான். அவன் கண் முதலில் விழுந்தது தையல் லைன் சூப்பர்வைசர் வெங்கட் மேல். ஆனேக்கல் பக்கத்துக்காரன். எதைக் கேட்டாலும் "கொத்தில்ல சார்", தெரியாது என்று கன்னடத்தில் கையை விரித்தான். பஸ்ஸர் எப்போது கத்தும்? கொத்தில்ல. ஸ்டோர் சாவி யாரிடம்? கொத்தில்ல. சாப்பிட்டாச்சா? அதுவும் கொத்தில்ல. இவ்வளவு தெரியாத ஒருவன் சூப்பர்வைசராக இருக்க முடியாது, ஆகவே இவனே குற்றவாளி என்று சம்பங்கி தீர்மானித்தான். பெருக்கும் நஞ்சம்மா துடைப்பத்தோடு பின்னாலேயே வந்து, "ஸ்டோர்ல ஒண்ணுமில்லப்பா, வெறும் தூசி" என்று கேட்காமலேயே சொன்னது அவன் காதில் விழுந்தது. ஆனால் புத்தியில் விழவில்லை.

ஸ்டோர் பூட்டியிருக்கவில்லை. பூட்டுப் போட வெளியே வளையமே கிடையாது. கதவின் உள்பக்கத்தில் மட்டும் புதிதாக ஒரு தாழ்ப்பாள் பளபளத்தது. மாதேஸ்வரி அதை ஒருமுறை இழுத்துத் தள்ளிப் பார்த்தாள்.

உள்ளே நூல் பெட்டிகள், பட்டன் அட்டைகள், ஓரத்தில் பெரிய ஜன்னல். கூரைக்குக் கீழே அலாரம் கம்பிகள் செல்லும் இரும்புப் பைப்பு சுவருக்குச் சுவர் ஓடியது. சம்பங்கி ஏணி போட்டு ஏறினான். மூலையில் இருந்த, அலாரம் ஊதும் ஹூட்டரின் வாய்க்குள் துணி திணித்திருந்தது.

"சதி!" என்று கத்தினான். "அலாரம் அடிச்சாலும் கேக்கக்கூடாதுன்னு எவனோ வாயை அடைச்சிருக்கான். மாதேசு, இது சாதாரண கேஸ் இல்ல!"

அவள் அந்தத் துணியை வாங்கி விரித்தாள். மல்பரிப் பழ நிறத்தில், பலமுறை துவைத்து நைந்த நூல் சேலைத் துண்டு. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இங்க மூட்டை மூட்டையா வெட்டுத் துணி கெடக்குது மாமா. வாயை அடைக்க எதுக்கு வீட்டுல இருந்து பழைய சேலை வரணும்?"

"கைரேகை படாம இருக்க," என்றான். சொன்ன பிறகுதான் அது எப்படி என்று அவனுக்கே புரியவில்லை.

"பைப்பு மேல விரலை வெச்சு அந்தக் கோடிலேர்ந்து இழுங்க."

இழுத்தான். விரல் கருப்பாயிற்று. நடுவில் ஓரிடத்தில் மட்டும், ஒரு முழம் அகலத்துக்குத் தூசியே இல்லை. தேய்த்த வெண்கலம் போல மின்னியது.

நூல் பெட்டிக்குப் பின்னால் ஒரு மின்சாரக் கெட்டில் கிடைத்தது. மாதேஸ்வரி முகர்ந்தாள். டீ வாசனையோ காப்பி வாசனையோ இல்லை. வெறும் வெந்நீர். அதற்கு மேலே சுவரில் ஒரு பிளக் பாயின்ட். பேனலின் சுவிட்சைக் கொஞ்ச நேரம் அணைக்கச் சொல்லி, அந்த பிளக்கில் டெஸ்டரை வைத்தாள். பிளக்கும் செத்துக் கிடந்தது. பேனலுக்குப் போகிற தனி லைனிலிருந்து எவனோ ஒரு பழைய கான்ட்ராக்டர் திருட்டுத்தனமாக இழுத்த இணைப்பு அது.

பிறகு அவளே ஏணியில் ஏறினாள். மின்னிய இடத்துக்குப் பக்கத்தில், பைப்பைச் சுவரோடு பிடித்திருந்த க்ளாம்பை விரலால் தொட்டாள். அது ஆடியது. அவள் முகம் மாறியதைச் சம்பங்கி பார்த்தான். அத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த முகத்தை அவன் இரண்டொரு முறைதான் பார்த்திருக்கிறான்.

இறங்கி வந்து பெட்டி மேல் உட்கார்ந்தாள். வாசலில் நின்ற பிரியதர்ஷினியிடம், "மணிவேல் அண்ணன் லீவுல இருந்தப்போ வேற யார் யார் லீவு?" என்று கேட்டாள்.

"அன்னிக்கு வெங்கட் லீவு, ஊர்ல திருவிழான்னு. அப்புறம் தையல்ல ரூபா, குழந்தைக்கு ஊசி போட்டு காய்ச்சல்னு அந்த நாள் பூரா. நஞ்சம்மாக்கா அரை நாள், குந்தாரப்பள்ளி சந்தைக்கு." சொல்லிவிட்டு மேனேஜர் கூப்பிட்டதும் போய்விட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டேன் மாமா," என்றாள் மாதேஸ்வரி, மெதுவாக.

"வெங்கட்தானே?"

"சொன்னா ஒருத்தர் வேலை போகும். சொல்லலன்னா மணிவேல் அண்ணன் வேலை போகும். ரெண்டு பேருமே கெட்டவங்க இல்ல."

சம்பங்கிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதம் அவனுக்கு விளங்கியது. பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்போ எலின்னே சொல்லிடலாமே. எலிக்கு வேலையும் இல்ல, போறதுக்கும் ஒண்ணுமில்ல."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே மேலே பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அந்த க்ளாம்பைப் பாக்காம இருந்திருந்தா அப்படித்தான் சொல்லியிருப்பேன். இப்போ முடியாது. எல்லாரையும் கூப்பிடுங்க."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டோரில் கூட்டம் கூடியது. ராமப்பன் கையைக் கட்டி நின்றார். அவர் பக்கத்தில் பிரியதர்ஷினி. கதவோரம் மணிவேல். தையல் மெஷினிலிருந்து அழைத்து வரப்பட்ட ரூபா, கழுத்தில் அளவு டேப்போடு சுவரைப் பிடித்து நின்றாள். நஞ்சம்மாவை மட்டும் காணோம். வெங்கட்டைப் பேனலுக்கு முன்னால் போனோடு நிறுத்தியிருந்தாள் மாதேஸ்வரி.

பைப்பு மின்னிய இடத்தில் ஒரு துணியைச் சுற்றி, அதன் முனையில் சின்ன நூல் பெட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள். க்ளாம்பைச் சம்பங்கி ஏணி மேல் நின்று தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

"வெங்கட், என்னா நெறம்?"

"பச்சை மேடம்," என்றது போன்.

பெட்டியை மெதுவாக ஆட்டினாள்.

"ஹளதி!" வெங்கட்டுக்குப் பதற்றத்தில் தாய்மொழி வந்துவிட்டது. "மஞ்சள் மேடம்! ஹோயித்து... போயிடுச்சு... மறுபடி மஞ்சள்... போயிடுச்சு..."

பெட்டியைப் பிடித்து நிறுத்தினாள். போனில் வெங்கட் பெருமூச்சு விட்டான்.

"கம்பியில போற கரன்ட் கம்பியிலயே திரும்பணும்," என்றாள் மாதேஸ்வரி. "இந்தப் பைப்பு ஆடி ஆடி, உள்ள ஒரு கம்பியோட தோல் உரிஞ்சு போயிருக்குது. ஆடறப்போ அது இரும்பைத் தொடுது. பேனல் மஞ்சள் காட்டுது. ஆட்டம் நின்னா விளக்கும் நின்னுடுது. அண்ணன் சொன்ன மாதிரி, மூச்சு விடற மாதிரி."

"அப்போ யாரோ இதுல என்னாத்தையோ தொங்க விட்டிருக்காங்க," என்றார் ராமப்பன். "யாரு?"

மணிவேல் ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தான் சார். டூல்ஸ் பையை மாட்டி வெச்சிருந்தேன்."

"டூல்ஸ் பையை யாரும் ஆட்டித் தூங்க வெக்க மாட்டாங்கண்ணா," என்றாள் மாதேஸ்வரி.

அந்த நொடியில்தான் சம்பங்கிக்குப் புரிந்தது. ஏணியிலிருந்து விழாமல் இருந்தது அவன் வாழ்நாள் சாதனை.

"ஹூட்டர்ல திணிச்ச துணி வீட்டுச் சேலை," என்று அவள் தொடர்ந்தாள். "வெட்டுத் துணி கஞ்சி போட்டு மொரமொரன்னு இருக்கும், பச்சை ஒடம்புக்குக் குத்தும். கொழந்தைக்குத் தூளி கட்டறது எப்பவும் நைஞ்ச நூல் சேலையிலதான். அதுல மிச்சம் ஆனது ஹூட்டருக்குள்ள போயிருக்குது. கெட்டில்ல டீ போடல, வெந்நீர்தான் வெச்சிருக்காங்க. அது பேனல் லைன்ல இருக்கறது யாருக்கும் தெரியாது. கொதிக்கறதுக்குள்ள லோடு ஏறி சுவிட்சு விழுந்திருக்குது. யாரும் கை வெக்கல சார். டீக்கு அப்புறம் ஒரு தூக்கம், சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தூக்கம். கொழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாள்ல அம்மாவும் வரல, மஞ்சள் விளக்கும் வரல. மணிவேல் அண்ணனும் அதே நாள்ல லீவு போட்டது அவரோட கெட்ட நேரம்."

ரூபாவின் கையிலிருந்து டேப் நழுவியது.

"என் பொண்ணுதான் சார்," என்றாள். "வீட்டுக்காரருக்கு அத்திப்பள்ளில ஷிஃப்ட்டு. ஜவளகிரில எங்கம்மா வீட்டுலேர்ந்து யாரும் வர்ற நெலமையில்ல. வேலைய விட்டா வாடகை குடுக்க முடியாது. என்னைய நிறுத்திடுங்க. அண்ணனை விட்டுடுங்க சார், அவருக்குத் தூளி எங்க தொங்குதுன்னே தெரியாது."

ராமப்பன் மணிவேல் பக்கம் திரும்பினார். "கொழந்தை இருக்கறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்புறம் விளக்கு எரியறப்போ இந்த ரூமுக்குள்ள வந்து பாத்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே! எதுக்குய்யா வரல?"

மணிவேல் மறுபடியும் செருப்பைப் பார்த்தார். "தாய் புள்ளைக்குப் பால் குடுக்கற நேரம் சார். உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கும். நான் போயி எப்படிக் கதவைத் தட்டறது?"

"வேலையே போகுதுன்னு தெரிஞ்சுமா?"

அவர் சட்டைப்பையிலிருந்த டெஸ்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சார், இதையும் பாத்துடுங்க," என்றாள் மாதேஸ்வரி. சம்பங்கி பிடியைக் கொஞ்சம் தளர்த்தினான். க்ளாம்ப் ஸ்குருவோடும் சுண்ணாம்போடும் சேர்ந்து அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது. "இந்தப் பைப்பு கம்பியைத் தாங்கத்தான். ஒரு கொழந்தையைத் தாங்க இல்ல. இன்னும் நாலஞ்சு தடவை ஆட்டியிருந்தா..."

ரூபா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"நீங்க எல்லாரும் அந்த பஸ்ஸரைத் திட்டினீங்க, பாடாப் படுத்துதுன்னு. அது பைப்பு ஆடுதுன்னுதான் கத்திச்சு."

கதவு திறந்தது. நஞ்சம்மா நின்றார், இடுப்பில் குழந்தையோடு. கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. குழந்தை எல்லோரையும் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி ஒவ்வொருவராகப் பார்த்தது.

"ஹூட்டர் வாயை அடைச்சது நான்தான்," என்றார் நஞ்சம்மா. "வெள்ளிக்கெழம டெஸ்ட்டுன்னு அடிப்பாங்க, புள்ளைக்குத் தூக்கிவாரிப் போடும். இனி அடைக்கல. எங்கள எல்லாம் சேத்தே நிறுத்து சாமி, எல்லாருக்குந்தான் தெரியும்."

"எனக்குத் தெரியாதே," என்றாள் பிரியதர்ஷினி. அவள் கண் கலங்கியிருந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"உனக்குத் தெரிஞ்சா சாருகிட்ட நீ பொய் சொல்லணும். உனக்குப் பொய் வராது கண்ணு."

ராமப்பன் க்ளாம்பைச் சம்பங்கியின் கையிலிருந்து எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீசை அசைந்தது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"அந்த ஆர்டர் எங்கம்மா?"

"எந்த ஆர்டர் சார்?" என்றாள் பிரியதர்ஷினி. "நான் இன்னும் டைப்பே பண்ணலியே."

நஞ்சம்மா அவளை வியப்போடு பார்த்தார்.

"நல்லதாப் போச்சு," என்றார் ராமப்பன். "முதலுதவி ரூம்ல ஒடைஞ்ச சேர் எல்லாம் வெளிய எடுங்க. வாசலை ஒட்டின ரூம்பு, ஏதாச்சும்னா தூக்கிட்டு ஓடலாம். இந்த அட்டைப் பெட்டிங்களுக்கு நடுவுல கொழந்தை வேணாம். அங்க மேல இரும்பு பீம் இருக்குது. மணிவேலு, ஒரு கொக்கி போடு. மொதல்ல அந்த பிளக்கைப் பிடுங்கு, கம்பியை மாத்து. நாளைக்கு வர்றவங்களுக்கு எல்லாம் பச்சையா இருக்கணும்." கொஞ்சம் நின்று, கதவைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டார்: "உன்மேல பழி போட்டுட்டேன்ப்பா. மனசுல வெச்சுக்காத."

மணிவேல் "பரவால்ல சார்" என்றார். மூக்கை உறிஞ்சியது ஜலதோஷத்தால் என்று காட்ட இரண்டு முறை இருமினார்.

வெயில் சாய்வதற்குள் பேனல் கம்பி மாறியது. பீமில் கொக்கி ஏறியது. ரூபா புதுத் துணி வேண்டாமென்று சொல்லி, அதே மல்பரி நிறச் சேலையை இரட்டையாக மடித்துத் தூளி கட்டினாள். ஆனால் குழந்தையைப் படுக்க வைக்கும் முன் எடை சோதிக்க வேண்டும் என்றாள் மாதேஸ்வரி. எல்லோரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். எல்லாப் பார்வையும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

"நான் துப்பறியறவன்," என்றான் சம்பங்கி.

"ஏறுங்க மாமா."

ஏறினான். முழங்கால் முகவாயில் இடிக்க, அந்தச் சேலைக்குள் அவன் உட்கார்ந்து ஆடியபோது தையல் லைன் முழுக்க ஜன்னலில் கூடிவிட்டது. கொக்கி அசையவில்லை. "பச்சை! பச்சை!" என்று பேனலிலிருந்து வெங்கட் கத்தினான். அன்று முதல்முறையாக அவனுக்கு ஏதோ ஒன்று தெரிந்திருந்தது. இந்தக் கேஸில் எலி, வெங்கட், கைரேகை எல்லாம் பொய்த்துப்போய், தன் உடம்பு ஒன்றே உண்மையான சாட்சியாக நின்றதைச் சம்பங்கி ஆடியபடியே ஒப்புக்கொண்டான். குழந்தை அவனைப் பார்த்துவிட்டு, தன் இடத்தை எவனோ பிடித்துக்கொண்டான் என்று வீறிட்டது.

அவனை இறக்கிவிட்டுக் குழந்தையைப் படுக்க வைத்தார்கள். மணிவேல் டெஸ்டரைப் பையில் செருகிக்கொண்டு வெளியே கிளம்பினார்.

"அண்ணா," என்றாள் ரூபா. "மொத ஆட்டு நீங்களே ஆட்டுங்க."

அவர் தயங்கினார். கையை வேட்டித் துணியில் துடைப்பது போலப் பேன்ட்டில் இரண்டு தடவை துடைத்தார். பிறகு சேலையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, கண்ணை மேலே கொக்கியின் நட்டிலேயே வைத்தபடி, மெதுவாக ஆட்டினார்.